புகைப் பரணில் வைத்த மோட்டார்கள்

தம்பி,

உன் அப்பாவின் இரண்டு விரல்கள் போனதற்குக் காரணம் நீ இல்லை, நான். இதை முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும் என்று தீர்மானித்துத்தான் உட்கார்ந்தேன். நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கினால் நான்கு பக்கத்துக்கு மழையையும் பூண்டையும் பற்றி எழுதிவிட்டு, சொல்ல வந்ததை மென்று விழுங்கிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். நம் கவுஞ்சி ஊரில் யாருக்கு மனு எழுத வேண்டுமானாலும் இன்னும் என்னிடம்தான் வருகிறார்கள். ரோடு வேண்டும், பட்டா மாற்ற வேண்டும், காட்டெருமை வேலியைப் பிய்த்துவிட்டது என்று வருகிறவர்களிடம், முதலில் பொருள் என்று ஒரு வரி போடுங்கள், பாதி வேலை முடிந்துவிடும் என்பேன். என் மனுவின் பொருள் மேலே இருக்கிறது. இனி விவரத்தை எழுதுகிறேன். நடுவில் கிழித்துப் போட உனக்குத் தோன்றினால் அதுவும் நியாயம்தான், ஆனால் முழுவதும் படித்துவிட்டுக் கிழி.

போன வாரம் மேகலா இங்கே வந்தாள். நீ கட்டிக்கொள்ளப் போகிற பெண், தனியாகத் திருப்பூரில் பஸ் ஏறி, கொடைக்கானலில் இறங்கி, அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து, வளைவுகளில் இரண்டு முறை வாந்தி எடுத்து, நம் கேரட் காட்டு வரப்பில் வந்து நின்றாள். உன்னிடம் சொல்லாமல் வந்திருக்கிறாள், அதற்காக அவளைத் திட்டாதே. "நானுங்க, உங்க மகனைக் கட்டிக்கப் போறவ" என்றாள். "எனக்கு மகன் கெடையாது. ஒன் சோலியப் பாத்துக்கிட்டுப் போ" என்றேன். அவள் அசையவில்லை. "சரிங்க அத்தை. இல்லாத மகனைப் பத்திப் பேசத்தான் வந்தேன். கொஞ்சம் தண்ணி குடுத்தீங்கன்னா பேசிட்டுப் போயிருவேன்" என்றாள். எனக்குப் பதில் சொல்லத் தெரிந்த ஒருத்தி இந்த வரப்பில் வந்து நிற்பதற்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. அந்த நிமிஷமே அவளை எனக்குப் பிடித்துவிட்டது, ஆனாலும் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டுதான் வீட்டுக்கு அழைத்துப் போனேன்.

அவள் சொன்னதையெல்லாம் கேட்டேன். பனியன் கம்பெனி கிடங்கில் நீ மூட்டை தூக்குகிறாயாம். தையல் மெஷின் மோட்டார்களைப் பழுதுபார்க்கிற அவளுடைய கடைக்குத் தினமும் வருவாயாம், ஆனால் உள்ளே வர மாட்டாயாம். வாசலுக்கு அந்தப் பக்கம் நின்று பேசுவாயாம். உள்ளே யாராவது ஒரு மோட்டாரை ஓடவிட்டால் பேச்சை நிறுத்திவிட்டுச் சுவரில் ஒட்டிக்கொள்வாயாம். பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து எனக்குக் காட்டினாள். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரே படம். மோட்டார், பெட்டி, வயர், வயருக்கு வயர் கலர். "மத்தியானம் சாப்பிடற நேரத்துல வரையறாருங்க அத்தை. மூணு வருஷமா எந்த வயரைத் தப்பா மாட்டுனோம்னு தேடிட்டே இருக்காரு. கல்யாணம் முடிஞ்சாலும் கொழந்தை மட்டும் வேண்டாங்கறாரு. தன் கையை நம்பிக் கொழந்தையைக் குடுக்கக் கூடாதுங்கறாரு" என்றாள். அதைச் சொன்னபோதுதான் அவள் குரல் உடைந்தது. அதற்காகத்தான் அவள் வந்திருக்கிறாள்.

அந்த மோட்டார்கள் இந்த வீட்டுக்கு வந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. கோயம்புத்தூர் லேத்துப் பட்டறை வேலையை விட்டுவிட்டு, உடைத்துப் போட்ட ஏதோ மில் மெஷினிலிருந்து கழற்றிய நான்கு சர்வோ மோட்டார்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்தாய். அக்கக்காய்ப் போன இரும்பைச் சுமந்துகொண்டு மலையேறுகிறான் பார் என்று நான் கத்தினேன். உன் அப்பா மட்டும் உன்னோடு தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் தூக்கித் தூக்கிப் பார்த்தார். "சாதா மோட்டாருக்குக் கண்ணு கெடையாதுப்பா, கரண்ட் வந்தா சுத்தும், அவ்வளவுதான். இதுக்குப் பின்னால ஒரு கண்ணாடி வட்டு இருக்கு. அதுல மயிரு மயிரா கோடு. வெளிச்சம் அது வழியா விழுந்து விழுந்து, நாம எவ்வளவு தூரம் சுத்திருக்கோம்னு இதுவே எண்ணிக்கிரும்" என்று நீ சொன்னாய். அப்பாவுக்கு அது தாங்க முடியாத அதிசயம். கணினி சொல்கிறபடி மரத்தைச் செதுக்குகிற மெஷினை நீயும் அவரும் சேர்ந்து கொட்டகையில் கட்டத் தொடங்கினீர்கள். மன்னவனூர்ப் பக்கம் காட்டேஜ் வைத்திருக்கிறவர்கள் பெயர்ப்பலகை கேட்டு வந்தார்கள். எனக்கும் உள்ளுக்குள் பெருமைதான். வெளியே காட்டினால் கெட்டுப்போவாய் என்று காட்டவில்லை.

இப்போது என் தப்பைச் சொல்கிறேன். மெஷின் கட்டுவதற்கு முன்னால், அந்த ஐப்பசியில், பெல்ட்டும் மற்றச் சாமான்களும் வாங்குவதற்கு நீ கோயம்புத்தூர் போய் ஒரு மாதம் பழைய பட்டறையிலேயே வேலை செய்துகொண்டு தங்கினாய். போவதற்கு முன் மோட்டார்களின் பின்மூடியைத் திறந்து, உள்ளே எல்லாம் துடைத்து, ரப்பர் வளையம் இற்றுப்போயிருக்கிறது, புதிது வாங்கி வந்து மூடுகிறேன் என்று ஓர் அட்டைப் பெட்டியில் திறந்தபடி அடுக்கி வைத்தாய். "அம்மா, இந்தப் பொட்டியத் தொட்டுறாத" என்று படி இறங்கும்போதுகூடச் சொன்னாய். நீ போன மறுநாளிலிருந்து மேகம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. சுவரெல்லாம் வேர்த்தது, உப்பு தண்ணீராய்ப் போனது, அந்த அட்டைப் பெட்டியின் அடி ஈரத்தில் ஊறிப் பிய்ந்தது. ஈரம் படக் கூடாத பொருளை இந்த ஊரில் எங்கே வைப்போம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. விதைப் பூண்டும், பீன்ஸ் விதையும், தீப்பெட்டியும் போகிற இடம், பூண்டு காயப் புகை போடுகிற கொட்டகையின் பரண்தான். உன் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் ஏன் பழுப்பாக இருக்கிறது என்று காலேஜில் கேட்டார்களே, அதுவும் அங்கே இருந்ததால்தான். துருப் பிடித்துவிட்டால் பிள்ளையின் உழைப்பு வீணாகுமே என்று மோட்டார்களை ஒவ்வொன்றாக நான் எடுத்துக் கொடுக்க, அப்பா ஏணியில் நின்று வாங்கிப் பூண்டுக் கட்டுகளுக்கு நடுவே வைத்தார். மூன்று வாரம் கீழே பச்சை விறகு புகைந்தது.

நீ வருவதற்கு இரண்டு நாள் முன்னால் இறக்கி, மண்ணெண்ணெய்த் துணியால் வெளியே படிந்த கரியைத் துடைத்து, புதுப் பெட்டியில் நீ வைத்திருந்த மாதிரியே அடுக்கினேன். "தொட்டோம்னு சொல்லிறாதீங்க, குதிப்பான்" என்று அப்பாவிடம் சொன்னேன். உனக்குப் பயந்து சொல்லவில்லை. யாருக்கு நான் பயந்தேன்? நான் செய்தது தப்பு என்று நான் பெற்ற பயல் எனக்குச் சொல்லிவிடக் கூடாது என்கிற திமிர், வேறொன்றுமில்லை. நீ வந்தாய். ஏற்கெனவே துடைத்து வைத்ததுதானே என்று புது வளையத்தைப் போட்டு மூடினாய். அம்மா தொட்டிருப்பாள் என்று உனக்குச் சந்தேகமே வரவில்லை. தொடாதே என்றால் தொட மாட்டேன் என்று என்னை அவ்வளவு நம்பியிருக்கிறாய்.

விபத்து நடந்த அன்று காலை பத்து மணி இருக்கும். மெஷின் ஓடத் தொடங்கி ஒரு மாதம் ஆகியிருந்தது. பலகையில் பாதி எழுத்து முடிந்து, கத்தி மாற்றுவதற்காக நீ நிறுத்தியிருந்தாய். கத்தி சுற்றவில்லை, ஆனால் மோட்டார்களுக்குக் கரண்ட் இருந்தது, அவை தங்கள் இடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றன. அப்பா எப்போதும் செய்கிறபடி மரத்தூளை உள்ளங்கையால் ஓரமாக ஒதுக்கினார். மெஷின் தாவியது. குறுக்குச் சட்டம் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை ஒரே பாய்ச்சலாக வந்து, அவர் கையை இரும்புத் தகட்டோடு சேர்த்து அடித்து, அடித்த பிறகும் நிற்காமல் அமுக்கிக்கொண்டே இருந்தது. சிவப்புப் பொத்தானில் நீ கைவைத்தபோது அப்பா இன்னும் கத்தவே ஆரம்பிக்கவில்லையாம். இது அவர் எனக்குச் சொன்னது. நான் வாசலில் பூண்டு கட்டிக்கொண்டிருந்தேன். அவர் குரல் கேட்டு ஓடிவந்தபோது வெள்ளை மரத்தூள் முழுவதும் ரத்தம் ஊறிக் களிமண் மாதிரி ஆகியிருந்தது. சட்டத்தைத் தோளால் நெம்பித் தள்ளி அவர் கையை நீ எடுத்துக்கொண்டிருந்தாய். சுண்டு விரலும் மோதிர விரலும் நசுங்கித் தோலில் தொங்கின.

அப்போது நான் செய்ததை நீ மறந்திருக்க மாட்டாய், ஆனாலும் நான் என் கையால் எழுத வேண்டும். உன் துண்டை அவிழ்த்து நீ அவர் கையில் சுற்றிக்கொண்டிருந்தாய். நான் சுவரோரம் கிடந்த களைக்கொத்தைத் திருப்பிப் பிடித்து அதன் காம்பால் உன் இடது தோளில் அடித்தேன். ஏதோ முறிந்த சத்தம் கேட்டது. காம்பு முறிந்தது என்று நினைத்து இன்னொரு அடி அடித்தேன். நீ துண்டை விடவில்லை. "கட்டு போடணும்மா, கட்டு போட விடும்மா" என்றுதான் சொன்னாயே தவிர, அடிக்காதே என்றுகூடச் சொல்லவில்லை. அப்பாவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நீ வண்டிக்குப் போன நேரத்தில் மூலையில் கிடந்த கடப்பாரையை எடுத்தேன். கணினி, வயர்ப் பெட்டி, சட்டம், மோட்டார் என்று கண்ணில் பட்டதையெல்லாம் உடைத்தேன். உடைத்ததை வாரி எடுத்துக் கொட்டகைக்குப் பின்னால் பள்ளத்தில் வீசினேன். நீ ஹாரன் அடித்துக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாய். புருஷன் ரத்தம் கொட்டிக்கொண்டு வண்டியில் காத்திருக்க, நான் இரும்பை அடித்துக்கொண்டிருந்தேன்.

கொடைக்கானல் ஆஸ்பத்திரிவரை நீதான் வண்டி ஓட்டினாய். ஒவ்வொரு வளைவிலும் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு, வலது கையைக் குறுக்கே கொண்டுவந்து கியர் போட்டாய். வண்டி ஓரத்துக்கு ஓரம் ஆடியது. "ஏலே, எடது கை எங்கடா போச்சு? ஒழுங்காப் பிடிடா!" என்று கத்தி, நடுவில் உட்கார்ந்திருந்த அப்பாவைத் தாண்டிக் கையை நீட்டி உன் பிடரியில் அறைந்தேன். ஒருமுறை இல்லை, பூம்பாறை தாண்டுவதற்குள் மூன்று முறை. ஆஸ்பத்திரியில் அப்பாவை உள்ளே கொண்டுபோன பிறகு உன் கைக்குக் கழுத்திலிருந்து துணித் தொட்டில் கட்டிவிட்டார்கள். கொட்டகைப் படியில் வழுக்கி விழுந்தேன் என்று நர்ஸிடம் சொன்னாய். நாடகம் போடுகிறான் என்று நான் பக்கத்திலிருந்த பெண்ணிடம் சொன்னேன். தோளின் காறை எலும்பு இரண்டாக முறிந்திருந்தது என்றும், அது கோணலாகக் கூடிவிட்டது என்றும், உன் இடது கை இன்றைக்கும் தலைக்கு மேல் போகாது என்றும் மேகலா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். முறிந்த எலும்போடு இரண்டு மணி நேரம் மலை வளைவில் உன் அப்பாவைக் காப்பாற்றிக் கொண்டுபோயிருக்கிறாய். நான் உன் பிடரியில் அறைந்துகொண்டே வந்திருக்கிறேன்.

அது போதாது என்று ஊரையும் கூட்டினேன். அப்பா வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், காலையில் கேரட் லாரி ஏற்றுகிற இடத்தில் ஊரே நின்றபோது, உன்னைச் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் நிறுத்தினேன். "அப்பன் வெரலத் தின்னவன் இவன். நான் சாகற வரைக்கும் எம் படி ஏறக் கூடாது" என்றேன். உன் பெரியப்பா, அவர்தான் எப்போதும் என் கோபத்துக்கு விசிறி பிடிப்பவர், "சரியாச் சொன்ன" என்று தலையாட்டினார். மேலே தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தவர்கள்கூடக் கயிற்றை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். நீ யாரையும் பார்க்கவில்லை. அந்த லாரியிலேயே டிரைவருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாய். ஒரு மாற்றுச் சட்டைகூட எடுத்துக்கொள்ளாமல் போனாய்.

இந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், ஊர் ஊட்டி வளர்த்தது என்று சொல்லித் தப்பிக்கலாம். அதில் பாதி நிஜமும்கூட. நீ ஐந்தாவது படிக்கும்போது உருளைக்கிழங்குக் காட்டில் ஒற்றைக் காட்டெருமை இறங்கியது. ஆண்பிள்ளைகள் எல்லோரும் டப்பா தட்டிக்கொண்டு தூரத்தில் நின்றார்கள். நான் எரிகிற கட்டையை எடுத்துக்கொண்டு நேரே போய் அதன் மூஞ்சியில் எறிந்தேன். அது திரும்பி ஓடிய ஓட்டத்தில் வேலிக்கல்லை முட்டிப் பெயர்த்தது. அன்றிலிருந்து இந்த ஊரில் எனக்கு ஒரு பெயர். நான் கத்தினால் சிரிப்பார்கள், அடித்தால் அப்படித்தான் வேண்டும் என்பார்கள். மறு மாதமே நீ மருந்தடிக்கிற மெஷினைக் கழற்றிப் போட்டாய் என்று விறகுக் கட்டையால் உன் காலில் அடித்தேன். எட்டு நாள் நொண்டினாய். நொண்டிக்கொண்டே அதைத் திரும்ப மாட்டினாய். முன்பு இழுத்தால் பத்து முறைக்கு ஒருமுறை ஸ்டார்ட் ஆகிற சனியன், அப்புறம் முதல் இழுப்பிலேயே ஓடியது. நல்லா பண்ணினாய் என்று ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை. இனிமேல் தொட்டால் காலை உடைப்பேன் என்றேன். காட்டெருமைக்குச் செய்ததையே பிள்ளைக்கும் செய்தேன், பிள்ளை ஓடாமல் நின்று வாங்கிக்கொண்டது.

மேகலா சாப்பிட்டு முடித்ததும், "அந்த மெஷின்ல ஏதாவது மிச்சம் இருக்குங்களா?" என்று கேட்டாள். எல்லாம் பள்ளத்தில் போனது என்றேன். அப்பா எழுந்து, மாட்டுக் கொட்டகைக்குப் போய், ஒரு சாக்கோடு வந்தார். உள்ளே ஒரு மோட்டார். புண் ஆறியதும் பள்ளத்தில் இறங்கி எடுத்து வந்து, எனக்குத் தெரியாமல் மூன்று வருஷமாக வைத்திருக்கிறார். மேகலா பையிலிருந்து திருப்புளியை எடுத்துப் பின்மூடியைக் கழற்றினாள். உள்ளே கண்ணாடி வட்டு உடையாமல் இருந்தது. அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். பாதி வட்டு பழுப்பாக, ஒட்டடைக் கலரில் இருந்தது. விரலால் தொட்டு முகர்ந்தாள். பிறகு நிமிர்ந்து, திறந்த கதவு வழியே புகை போடுகிற கொட்டகையைப் பார்த்தாள். அங்கே கூரை ஓட்டிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தபோது அவளுக்கு விளங்கிவிட்டது என்று எனக்கும் விளங்கிவிட்டது. "அத்தை, இது அந்தப் பரண்ல இருந்துச்சுங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

நான் ஆமாம் என்றேன். அவள் சத்தம் போடாமல் எடுத்துச் சொன்னாள். கரி படிந்த இடத்தில் வெளிச்சம் விழாது. முதலில் லேசாக இருப்பது, மோட்டார் சூடாகச் சூடாகப் பிசின் மாதிரி இளகிப் பரவும். எண்ணிக்கை விட்டுப்போகும். நகர்ந்தும் நகரவில்லை என்று நினைத்துக்கொண்டு மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கிற வயர்ப் பெட்டி இன்னும் இன்னும் தள்ளச் சொல்லும். புது மெஷின்களில் இப்படி ஆனால் தானாக நின்றுவிடுகிற ஏற்பாடு இருக்கும், பழைய சாமானில் அது சரியாக வேலை செய்யாது. "வயர்ல தப்பு இருந்தா முத நாளே ஓடியிருக்குமுங்க. ஒரு மாசம் ஒழுங்கா ஓடுச்சுல்ல? அவரு மாட்டுனதெல்லாம் சரிதான்" என்றாள். நான் அன்று கடப்பாரையை எடுக்காமல் இருந்திருந்தால் இதே மூடியை நீயே கழற்றிப் பார்த்திருப்பாய். "இதை நான் போய்ச் சொன்னா, ஆறுதலுக்குச் சொல்றேன்னு நெனச்சுக்குவாரு. நீங்கதான் சொல்லோணும். சொல்லாம நான் தாலி கட்டிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு மூன்று மணி பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

அவள் போன பிறகு அப்பாவிடம், "கேட்டீங்களா? நாமதான் செஞ்சிருக்கோம்" என்றேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "எனக்கு ஆஸ்பத்திரியிலயே தோணுச்சு புள்ள" என்றார். மோட்டாரைப் பரணிலிருந்து இறக்கியபோது உள்ளேயும் கரி இருந்ததை அவர் பார்த்திருக்கிறார். பார்த்தும் உன்னிடம் சொல்லவில்லை, நான் சொல்லக் கூடாது என்றதால். ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு அதையே நினைத்திருக்கிறார். ஏன் வாயைத் திறக்கவில்லை என்று நான் பாய்ந்தேன். "ஒனக்குப் பயந்துதான். வேற என்ன? நெசத்தச் சொன்னா நீ யாரை அடிப்பன்னு எனக்குத் தெரியல. அவன அடிப்பியா, என்ன அடிப்பியா, தூக்கு மாட்டிக்கிருவியான்னு தெரியல. அவன் எங்கயாவது உசுரோட இருக்கட்டும்னு விட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை, விரலை எடுத்தபோதுகூட அழவில்லை. என்னோடு முப்பது வருஷம் குடித்தனம் செய்த மனிதர் என்னிடம் ஒரு நிஜத்தைச் சொல்லப் பயந்திருக்கிறார். எனக்கு வெட்கமாக இருந்தது.

கல்யாணத்துக்கு முன்னால் புத்தி சொல்வது பெற்றவர்கள் வழக்கம். எனக்கு என்ன தகுதி இருக்கிறது என்று நீ கேட்கலாம். தப்புச் செய்தவளுக்கு எந்த இடத்தில் தவறினோம் என்றாவது தெரியும், அதனால் சொல்கிறேன். கோபம் வந்தால் தண்ணீர் குடி, எண்களை எண்ணு என்றெல்லாம் சொல்ல மாட்டேன், எனக்கு எதுவும் உதவியதில்லை. என்ன ஆச்சு என்று கேள். அவ்வளவுதான். அன்று கொட்டகையில் நுழைந்ததும் நான் அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் உன் எலும்பும் பிழைத்திருக்கும், உன் மூன்று வருஷமும் பிழைத்திருக்கும். இன்னொன்று, உன் வீட்டில் யாரும் உனக்குப் பயந்து எதையும் மறைக்கிற மாதிரி வைத்துக்கொள்ளாதே. மேகலா பயப்படுகிற ரகம் இல்லை, அது உன் அதிர்ஷ்டம். பிள்ளை பெற்றுக்கொள். உன் கையைப் பற்றி நீ நினைப்பது பொய். முறிந்த எலும்பை வைத்துக்கொண்டு கட்டுப் போட்ட கை அது. பயப்பட வேண்டிய கை என்னுடையது, அதை நீ வாங்கிக்கொண்டு பிறக்கவில்லை.

ஊருக்கு முன்னால் சொன்ன பொய்யைக் கடிதத்தில் திருத்த முடியாது. அதனால் நேற்றுக் காலை வெள்ளனே லாரி ஏற்றுகிற இடத்துக்குப் போனேன். அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை, கூடவே வந்தார். எல்லோரையும் நிறுத்தச் சொல்லிவிட்டு, பரணில் வைத்ததிலிருந்து உன் எலும்பை முறித்ததுவரை ஒன்று விடாமல் சொன்னேன். "எம் மகன் மேல ஒரு குத்தமும் இல்ல. செஞ்சது பூராம் நான்" என்றேன். உன் பெரியப்பாதான் வாயைத் திறந்தார். "சரி விடு, பொம்பள தெரியாமச் செஞ்சது. என்ன இருந்தாலும் அந்தப் பய கைராசி அப்படி" என்றார். எனக்குக் கண் இருண்டது. பக்கத்தில் மூட்டை இழுக்கிற இரும்புக் கொக்கி கிடந்தது. எப்போது எடுத்தேன் என்று தெரியாது, தலைக்கு மேல் ஓங்கியிருந்தேன். அவர் மண்டையைப் பிளந்திருப்பேன் தம்பி, சத்தியமாகப் பிளந்திருப்பேன்.

கை கீழே வரவில்லை. அப்பா பின்னாலிருந்து என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார், இரண்டு விரல் போன அந்த வலது கையால்தான். இத்தனை வருஷத்தில் அவர் என் கையைத் தடுத்தது அதுதான் முதல் முறை. "போதும் புள்ள. அடிச்சது போதும்" என்றார். நான் உதறினால் விட்டிருப்பார். நான் உதறவில்லை. கொக்கியை அவரே வாங்கிக் கீழே போட்டார். பிறகு என் கையைப் பிடித்தபடியே ஊர் நடுவே வீடுவரை நடத்திக் கூட்டிவந்தார்.

மேகலாவைக் கூட்டிக்கொண்டு நீ வா. எந்த நாள் என்று மட்டும் எழுது. நான் வாசலில் நிற்பேன், கட்டிப் பிடிக்க மாட்டேன், நீ சொல்லாமல் பக்கத்தில்கூட வர மாட்டேன். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பயப்படாமல் படி ஏறு.

அம்மா